ஓடுகிற வண்டியில் வரும் தூக்கம்

தம்பி, இதை நம் வேனுக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். திரைச்சீலைகளை வெயிலில் உதறிப் போடப் போகிறேன் என்று உங்கப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன். போனில் இதையெல்லாம் பேச முடியாது. அவர் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் எந்தக் கரண்டி என்று அங்கிருந்தே சொல்லிவிடுவார். போன வாரம் நீ கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆள் வருவார், வண்டியைக் காட்டு, மற்றதை நான் பேசிக்கொள்கிறேன் என்றாய். நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அந்த ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. அவருக்குப் பதில் நீ வா. மஸ்கட்டு வேலைக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் வா. ஒரு நாள் போதும்.

உனக்குக் கோபம் வரும். போன பொங்கலுக்கு வந்தபோது நீ இந்த வண்டியின் கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. டயரில் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இரும்புக்குப் போட்டாக்கூட யாராச்சும் எடுத்துப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். உங்கப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே சாப்பிட்டாச்சா, மழை பெய்கிறதா என்ற அளவோடு நின்றுபோய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நடுவில் நான் ஒருத்தி தபால்காரி மாதிரி. அவர் சொன்னதை உனக்கும் நீ சொன்னதை அவருக்கும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் சர்க்கரை இல்லாமல் எழுதுகிறேன். பட்டணத்து டாக்டர் போன மாதம் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரல் போய்விட்டது, இதயமும் தளர்ந்துவிட்டது, இனி அவர் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் எதற்கு ஆசைப்படுகிறார் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

இந்த வண்டி உங்கப்பா வேலை பார்த்த இரும்பு உருக்கு மில்லின் ஷிப்டு வண்டி என்பது உனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து கவரைப்பேட்டை, தச்சூர், பொன்னேரி என்று ஆட்களை இறக்கிக்கொண்டே வந்து கடைசியில் மீஞ்சூரில் நம் வாசலில் வந்து நிற்கும். ஓட்டிக்கொண்டிருந்தவர் காதர் பாய். உங்கப்பா ஓய்வு பெற்ற வருடமே பாயும் வேலையை விட்டுவிட்டுப் பழவேற்காட்டுக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். மில்லில் புது வண்டி வாங்கினார்கள், இதை ஏலத்துக்கு விட்டார்கள். உங்கப்பா யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்து வேப்ப மரத்தடியில் நிறுத்தினார். நான் சண்டைக்கு வருவேன் என்று தயாராக இறங்கினார். ஆனால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து எங்கும் போனதில்லை, தெரியுமா உனக்கு? அவருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை வரும், அன்றைக்குத்தான் நான் வேலை பார்த்த சத்துணவுக் கூடத்தில் அரிசி இறங்கும். எனக்குக் கோடை விடுமுறை வரும், மில்லில் யாரோ லீவு எடுத்திருப்பார்கள், இவர் இரட்டை ஷிப்டு பார்ப்பார். ஆர்.கே.பேட்டையில் என் தங்கை கல்யாணத்துக்குக்கூட மாலை வரவேற்புக்கு நான் போனேன், காலை முகூர்த்தத்துக்கு அவர் வந்தார்.

அதனால் இந்த வண்டியைப் பார்த்ததும் நானே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன். லாட்ஜ் எனக்கு ஆகாது. அங்கே பாத்ரூமைப் பார்த்தால் மூன்று நாள் சோறு இறங்காது. வண்டிக்குள்ளேயே படுத்து, வண்டிக்குள்ளேயே சமைத்து, வருடத்துக்கு நான்கு தடவை எங்காவது போய் வருவது என்று திட்டம் போட்டேன். கும்பகோணம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று வாயாலேயே ஊரெல்லாம் சுற்றினேன். உங்கப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நீ அந்தச் சமயம் பெங்களூரில் இருந்தாய். போனில் நான் வண்டி வண்டி என்று பேசியபோது உனக்கு எரிச்சல் வந்திருக்கும்.

ஏறக்குறைய ஒரு வருடம் வேலை நடந்தது. டிங்கரிங் முடித்து கிரீம் கலரில் பெயின்ட் அடித்தார்கள். பக்கவாட்டில் இருந்த மில்லின் பெயரைச் சுரண்டி எடுத்தும், வெயில் ஒரு கோணத்தில் விழுந்தால் அந்த எழுத்து இன்னும் தெரிகிறது. பின்பக்கம் பிளைவுட்டில் கட்டில், கட்டிலுக்கு அடியில் துணி வைக்கப் பெட்டி, மேலே இலவம்பஞ்சு மெத்தை. பின்கதவுக்குப் பக்கத்தில் தண்ணீர் டிரம், அதற்கொரு குழாய். பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன். திரைச்சீலை என் பழைய நூல் புடவைகளைக் கிழித்து நானே தைத்தது. மில்லில் ஃபோர்மேனாக இருந்தவர் கையில் வேலையைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஒரு டப்பா வைக்க ஒரு கொக்கி கேட்டால், யானை கட்டுகிற மாதிரி ஒரு கொக்கி வந்து நிற்கும். நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். சத்தம் வரக் கூடாது என்பது மட்டும் என்னுடைய உத்தரவு. பழைய வண்டி, ஸ்டார்ட் பண்ணினால் ஜன்னல் கண்ணாடியிலிருந்து தரைத் தகடு வரைக்கும் கடகடவென்று ஆடும். தூங்குகிற இடம் அமைதியாக இருக்க வேண்டாமா என்று சொல்லி, எங்கெங்கே ஆடுகிறதோ அங்கெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி நானே அடைத்தேன். அவர் ஒரு நாள், "இவ்ளோ அடைக்கணுமா?" என்று கேட்டார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சீட்டுகளை அவர்தான் கழற்றினார். எல்லாம் ஒரே நாளில் கழன்றுவிட்டன. மூன்றாவது வரிசையில் இடது பக்கம் ஜன்னலோரத்துச் சீட்டு மட்டும் பல வாரம் அப்படியே நின்றது. அதன் ரெக்சின் கிழிந்து, பஞ்சு ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தது. எனக்கு அந்த இடத்தில்தான் அடுப்பு மேடை வர வேண்டும். கேட்டால் நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு நாள் நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"இது ஒண்ணு இருந்துட்டு போவட்டுமே" என்றார்.

"இன்னாத்துக்கு? நாம ரெண்டு பேரும் முன்னாலதான குந்தப் போறோம்? அடுப்ப எங்க வெக்கறது, உங்க தலை மேலயா?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறினார். நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. வெகுநேரம் உட்கார்ந்து கழற்றினார். மற்ற சீட்டுகளோடு சேர்த்து அதுவும் கவரைப்பேட்டையில் பழைய இரும்பு வாங்குகிற காயலாங்கடைக்குப் போனது. சாயங்காலம் காபி கொடுத்தபோது, இப்பொழுது எவ்வளவு இடம் பாருங்கள் என்று சொன்னேன். ஆமாம் என்றார்.

இந்த இடத்தில் உன்னைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். நீ ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாய். உங்கப்பா நைட் ஷிப்டு முடித்து வந்து உள்ளறையில் படுத்திருந்தார். நீ கோடை விடுமுறையில் கூடத்துச் சுவரில் ரப்பர் பந்தை அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் வந்து உன் கன்னத்தில் அறைந்தேன், அதுவும் லேசாக இல்லை. பந்தைப் பிடுங்கி ஓட்டு மேல் எறிந்தேன். அதற்குப் பிறகு நீ வீட்டில் விளையாடவே இல்லை. சிநேகிதர்களை அழைத்து வரவில்லை. அந்த வயதுப் பையன் திருடன் மாதிரி நுனிக்காலில் நடந்து பழகிவிட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா ஷூ வாசலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் அப்படியே திரும்பிப் போய்விடுவாய். டிவியைப் படம் மட்டும் ஓடவிட்டுப் பார்ப்போம். குக்கர் விசில் அடிக்கிறது என்று அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் வடித்தேன். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டினார்கள் என்று போய்ச் சண்டை போட்டேன். மனுஷன் நெருப்பில் நின்றுவிட்டு வருகிறார், ஒரு தூக்கம் தூங்கட்டும் என்றுதான். அதைத் தவிர வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை.

வண்டி வேலை முடிந்ததும் முதலில் ஒரு வெள்ளோட்டம் என்று பக்கத்திலேயே பழவேற்காட்டுக்குப் போனோம். இத்தனை வருடம் மீஞ்சூரில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் ஏரியைப் பார்த்தேன். ஒதுக்குப்புறமாக வண்டியை நிறுத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, சாம்பார் சாதமும் அப்பளமும் வண்டிக்குள்ளேயே செய்தேன். சாப்பிட்டுவிட்டு உங்கப்பா மெத்தையில் படுத்தார். நான் கதவோரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடித்தது, சத்தமே இல்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டோம் என்று எனக்கு மனசு நிறைந்து போயிருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தூங்குங்களேன் என்றேன். உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் காதர் பாய் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே ஏறினார். கட்டில், டிரம், ஃபேன் எல்லாவற்றையும் பார்த்து, "மாஷா அல்லா, மாளிகை பண்ணிட்டீங்க" என்றார். அப்புறம் அடுப்பு மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னா தங்கச்சி, இங்க இருந்த சீட்டு எங்க?"

"கழட்டி குடுத்தாச்சு பாய்."

"அடப் பாவமே. அதுலதாம்மா அவுரு தூங்குவாரு."

உங்கப்பா வெளியே டயருக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். "வுடு பாய், பழைய கதை" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். பாய் விடவில்லை.

"ஷிப்டு முடிச்சி ஏறுனா, கவரப்பேட்ட தாண்டறதுக்குள்ள ஜன்னல் கம்பில கன்னத்த வெச்சிக்கினு குறட்ட வுட ஆரம்பிச்சிருவாரு. ஆளுங்க ஏறுவாங்க, இறங்குவாங்க, கத்துவாங்க, ஒண்ணும் தெரியாது அவுருக்கு. மீஞ்சூர் வந்து என்ஜின ஆஃப் பண்ணேன்னு வையி, டக்குனு கண்ண தொறப்பாரு. ஊட்டுல தூக்கமே வர்ல பாய், இதான் எனக்கு தூக்கம், மெதுவா ஓட்டுன்னுவாரு. நானும் அவுருக்காவ பொன்னேரில ஒரு சுத்து சுத்தி வருவேன். டீசல் கணக்கு கேட்டு மேனேஜர் ஏசுவான். ஏசட்டும்."

நைட் ஷிப்டு முடிந்து வரும்போது இடது கன்னத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும், ஞாபகம் இருக்கிறதா? நான் அதைக் கேலி செய்வேன். மில்லில் யார் கீறினார்கள் என்பேன். வந்ததும் குளித்துவிட்டுப் படுப்பார், கொஞ்ச நேரத்தில் எழுந்து குழாயைப் பழுது பார்ப்பார், தென்னைக்குத் தண்ணீர் கட்டுவார். என் வீட்டுக்காரருக்குத் தூக்கமே கொஞ்சம்தான், உழைக்கப் பிறந்த உடம்பு என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "பாய் சொல்றது நெசமா?"

"எது?"

"ஊட்டுல நீங்க தூங்குனதே இல்லியாமே."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "தூங்கிருக்கேன். அப்பப்ப."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ குக்கர பரண்ல போட்டுட்டு பானைல வடிச்சிக்கினு இருந்த. கொயந்தைய வாயத் தொறக்கவுடாம வெச்சிருந்த. இவ்ளோ பண்ணவள்ட்ட போயி தூக்கம் வர்லன்னு எப்டி சொல்றது? உள்ள சத்தமே இல்லன்னா எனக்கு காதுல மில்லு ஓடும். கண்ண மூடிக்கினு கெடப்பேன், அவ்ளோதான்."

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. உன்னை அறைந்த அந்தச் சத்தம் உள்ளறையில் விழித்துக்கொண்டு படுத்திருந்தவர் காதில் விழுந்திருக்கும். அவர் எழுந்து வந்து, விடு, நான் தூங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ பந்தடித்திருப்பாய். அந்தப் பந்துச் சத்தத்தில் அவர்கூட ஒருவேளை தூங்கியிருப்பார். நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் வைத்த அக்கறையில் நடுவில் நீதான் நசுங்கிப்போனாய். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். நீ போனில் எப்பொழுதும் அவசரத்தில் இருந்தாய், எனக்கும் அந்த அவசரம் வசதியாக இருந்துவிட்டது.

அப்புறம் கன்னியாகுமரியும் இல்லை, கும்பகோணமும் இல்லை. அந்த மழைக்காலத்திலேயே இருமல் ஆரம்பித்தது. முதலில் சளி என்றோம். பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. இந்தக் கோடையிலிருந்து அவரால் படுக்கவே முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்காருகிற மாதிரி இருக்கிறதாம். அதனால்தான் நாற்காலி. தலையணையை இப்படி வைத்தேன், அப்படி வைத்தேன், சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். கண் அசந்தால் தலை தொங்கும், உடனே விழித்துக்கொள்வார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் வருவது மயக்கம். அதிலிருந்து எழுந்தால் இன்னும் சோர்ந்து போகிறார். கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், முகமே வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. நீ பொங்கலுக்குப் பார்த்த ஆள் இப்பொழுது இல்லை, தம்பி. இதைப் போனில் நான் மறைத்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டே என்னிடம், "ஒரு தூக்கம், ஒரே ஒரு தூக்கம் நல்லா தூங்கிட்டா போதும்" என்றார். வாழ்க்கையில் அவர் என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாளே கிளம்பிக் கவரைப்பேட்டைக்குப் போனேன். காயலாங்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேன் சீட்டு எப்பொழுதோ போய்விட்டது, எதிரே பஞ்சர் கடையில் ஒன்று கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். அதுவேதான். கிழிந்த ரெக்சின், ஒரு பக்கம் அமுங்கிய பஞ்சு. அதில் ஒரு லாரி கிளீனர் உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்தான். பஞ்சர் கடைக்காரர், "இத்த வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போற? எனுக்கு கஸ்டமர் குந்தறதுக்கு வேற எடம் இல்ல" என்றார். நம் வீட்டு வராந்தாவில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சீட்டை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வள்ளூர்ப் பக்கம் மின் நிலைய வேலை நடக்கிறதல்லவா, வழியெல்லாம் மண் லாரி. வீடு வந்து சேரும்போது சீட்டும் நானும் ஒரே நிறத்தில் இருந்தோம். டிங்கரிங் கடைக்காரர் வந்து அடுப்பு மேடையை உடைத்து எடுத்துவிட்டு, பழைய ஓட்டையிலேயே சீட்டை வைத்து முடுக்கினார். நான் அடைத்த டியூப் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன்.

உங்கப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்தார். கன்னத்தைக் கம்பியில் வைத்துப் பார்த்தார். கையால் சீட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஆனால் வண்டி நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்துவிட்டார்.

நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். புகை வந்து இருமல்தான் அதிகமானது. வாடகைக்கு ஒரு டிரைவரைப் பிடித்தேன். அந்த ஆள் கியர் போட்ட சத்தத்திலேயே உங்கப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மெதுவா, லாரி வருது, கிளட்ச்சுல கால வெச்சிக்கினே ஓட்டாத என்று பொன்னேரி வரைக்கும் மேற்பார்வை பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தார். நம்பாத கையில் அவருக்குத் தூக்கம் வராது. காதர் பாயைக் கேட்டுப் பழவேற்காட்டுக்கே போனேன். சர்க்கரை நோயில் அவருக்குக் கண் போய்விட்டது, தம்பி. என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தார். "வேற இன்னா வேணா கேளு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அழுதார். நானே ஒரு நாள் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். நீ சிரிப்பாய். இரண்டு காலையும் வைத்து மிதித்தும் கிளட்ச் பாதி கூட இறங்கவில்லை.

மிச்சம் இருப்பது நீதான். பாலிடெக்னிக் லீவில் மில் மைதானத்தில் காதர் பாய் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது இதே வண்டியில்தான். நீ அதை மறந்திருக்கலாம், உங்கப்பா மறக்கவில்லை. நீ ஊருக்கு வருவதைப் பற்றி நான் சும்மா வாயைக் கிளறியபோது, "அவனுக்கு பாய்தான வண்டி குடுத்தாரு. கிளட்ச்ச பாய் மாதிரியேதான் வுடுவான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் ஆள் அனுப்பி நான்கு டயருக்கும் காற்று பிடிக்கச் சொன்னார். பேட்டரியை சார்ஜுக்குக் கொடுத்து வாங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உன்னைக் கூப்பிட அவருக்குத் தெரிந்த வழி அது.

உனக்கும் மஸ்கட்டில் ஷிப்டு வேலைதான் என்கிறாய். அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருந்தாலும் சொல்கிறேன். உன் பெண்டாட்டி பின்னாலேயே வந்துவிடுவாள். உனக்காக ஜன்னலை மூடுவாள், மிக்சியைப் போடாமல் இருப்பாள், பிள்ளை பிறந்தால் அதன் வாயைப் பொத்துவாள். உனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வந்து அவளிடம் சொல். அவள் மனசு நோகும் என்று பார்க்காதே. ஒரு நாள் நோகும், அப்புறம் சரியாகிவிடும். நல்லவனாக இருக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடக்காதே. அவளையும் கேள். அவளுக்கு எங்கே போக ஆசை என்று கேள், கேட்டதும் அழைத்துக்கொண்டு போ. ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதே. என் கும்பகோணம் இனி இல்லை. அதற்காக நான் அழுது முடித்துவிட்டேன், நீ அதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

வருவாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சாவி பூஜை அலமாரியில் விளக்குக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் கும்மிடிப்பூண்டிக்குப் போ. போகும்போது அவர் தூங்க மாட்டார், அது வேலைக்குப் போகிற வழி. சிப்காட் வாசலில் திருப்பிக்கொள். அதிகமாகப் பேச்சுக் கொடுக்காதே, ரேடியோ வேண்டாம். கவரைப்பேட்டை வந்ததும் கண்ணாடியில் பார். நான் கூட வர மாட்டேன். நான் இருந்தால் எனக்குத் துணையாக ஏதாவது பேசிக்கொண்டே வருவார், தூங்க மாட்டார். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்று நீ பயப்படுவாய். நானும்தான் பயப்படுகிறேன். அந்தப் பயத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியும், ஆயுசெல்லாம் அதைத்தானே செய்தேன்.

நான் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். வீடு வந்துவிட்டது என்று என்ஜினை அணைத்துவிடாதே. என்னைப் பார்த்தும் நிறுத்தாதே. அவர் கன்னம் கம்பியில் சாய்ந்திருந்தால் எனக்கு ஒரு தலையாட்டல் போதும். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு இன்னொரு சுற்றுப் போ. டீசல் நிரம்ப இருக்கிறது.

அம்மா